ஒன்றரைப் பக்கம்

மார்ச் 4

படிப்ஸுக்கு,

அண்ணி எழுதுவது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. போனில் சொல்ல முடியாது. என் போனுக்கு வருவதெல்லாம் உன் அண்ணனின் கம்ப்யூட்டரிலும் வருகிறது. வேலைக்கு வசதி என்று அவர்தான் இணைத்து வைத்தார். நீ பதில் போட்டால் கீழே இருக்கும் லாண்டரிக்கார அக்கா பேருக்குப் போடு. துணியோடு துணியாக மேலே வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியிலிருந்து உன் அண்ணனுக்கு மெயில் வந்திருக்கிறது. நம் ‘சில்லு வீடு’ சேனலை உங்கள் ஆப்பில் தொடராகப் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். எடுத்தால் இரண்டு வருஷ ஒப்பந்தம். வீட்டுக்குள் ஒன்பது கேமராக்களைச் சுவரோடு பொருத்திவிடுவார்கள். இப்போதாவது கை வலித்தால் அவர் கேமராவைக் கீழே வைக்கிறார். சுவருக்குக் கை வலிக்காது.

மெயில் வந்ததிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை. ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு, டைரக்டர் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிட்ட மனிதர். போன வாரம் அதே டைரக்டர் போன் போட்டு, “தம்பி, உங்க சேனல்ல எனக்கு ஏதாவது சின்ன ரோல் இருக்குமா?” என்று கேட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கேட்க வைத்தார். பிறகு, “பாக்கலாம் சார், சொல்லி அனுப்புறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பத்து வருஷம் காத்திருந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை.

சில்லுவுக்கு எட்டு வயதுதான் ஆகிறது. அவளுடைய மீன் செத்துப்போனது. காலை ஏழு மணிக்கு நான் பார்த்தேன். அவளிடம் சொன்னது பதினொன்றரைக்கு, படம் எடுக்க வாடகை விளக்கு வந்த பிறகு. அதுவரை தொட்டியைத் துண்டால் மூடி, மீன் தூங்குகிறது என்றோம். சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து, “அப்பா, முகம் தெளிவா வந்துச்சா?” என்று கேட்டாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவாய்.

சேனலைப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று எழுதுவதுதான் உன் வேலை என்று சொன்னாயே. வேண்டாம் என்று எழுது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். சில்லு வெளியே வர வேண்டும்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஹாஸ்டல் வார்டன் உங்கள் கடிதத்தை நீட்டியபோது பயந்துவிட்டேன். கடிதம் வந்தால் கோர்ட்டிலிருந்துதான் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்று முறை படித்தேன்.

என் வேலையைப் பற்றி நான் வீட்டில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை. பதினாறு பேர், பதினாறு ஹெட்போன். ஒரு நாளைக்குப் பதினொரு சேனல் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கடைசி வரியில் எடு, விடு, பார்ப்போம் என்ற மூன்றில் ஒரு சொல். முன்பு இந்த அறையில் கதை எழுதுகிறவர்கள் இருந்தார்களாம். இப்போது அவர்களுடைய நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் மேடம் அடிக்கடி சொல்வார்: “கதை எழுத ஆள் எதுக்கு? ஜனங்களே வாழ்ந்து, அவங்களே எடுத்து, அவங்களே அனுப்புறாங்க. நாம பொறுக்கினா போதும்.”

அது என் அண்ணனின் சேனல் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் மீன் வீடியோவைப் பார்த்துவிட்டு, “இந்தக் குட்டி செம நடிப்புல்ல?” என்று என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நானும் சிரித்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் எட்டாவதோடு நின்றதால்தான் நான் கல்லூரி வாசலைப் பார்த்தேன். அவர் தட்டில் நானே மண் போடுவதா? ஆனால் அந்தத் துண்டு, மீன் தொட்டிமேல் போட்ட துண்டு, கண்ணை மூடினால் வருகிறது. எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இன்னும் ஒரு முறை சொன்னால் தைரியமாக இருக்கும்.

உங்கள்,
படிப்ஸ்


மார்ச் 15

படிப்ஸ்,

இன்னும் ஒரு முறை சொல்கிறேன். எழுது.

அண்ணன் உன்னைப் படிக்க வைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதையும் ‘தங்கைக்காக நான் விட்டது’ என்று வீடியோ போட்டுவிட்டார். நாற்பது லட்சம் பேர் பார்த்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டார்கள். உன் பங்கு நன்றி இனித் தேவைப்படாது.

நான் எப்போது அழுகிறேன் தெரியுமா? குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுகிறேன். வெளியே வந்ததும், “வணக்கம் மக்களே” சொல்ல வேண்டும். சில்லு கதவுக்கு வெளியே நின்று, “அம்மா, தண்ணி வீணாகுது” என்கிறாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு சொல் போதும். சீக்கிரம்.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். ‘சில்லு வீடு’ என் பட்டியலுக்கு வரும்படி நானே கேட்டு வாங்கினேன். மேடத்திடம் நானாகப் போய்ப் பேசியது இந்த இரண்டு வருஷத்தில் இதுவே முதல் முறை.

கடைசி வரி: விடு.

ஆனால் வெறுமனே விடு என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஸ்கூலிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம், ‘காரணம் கூறுக’ என்றால் கூடுதல் தாள் வாங்கியாவது கூறிவிடுவேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எனக்கு ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் தாய் விருப்பமில்லாமல் நடிக்கிறாள், குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், மீன் செத்ததை விளக்கு வரும்வரை குழந்தையிடம் மறைத்தார்கள், குழந்தை அழுதுவிட்டு முகம் தெளிவாக வந்ததா என்று கேட்கிறது, எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள் பெயரோ என் பெயரோ அதில் இல்லை. ‘வீட்டுக்கு நெருக்கமான ஒருவர் சொன்னது’ என்று மட்டும் போட்டேன்.

யார் படித்தாலும் மனம் இளகும், அண்ணி. எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. நல்லபடியாக எழுதியிருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள்,
படிப்ஸ்


ஏப்ரல் 9

படிப்ஸ்,

நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

நேற்று உன் கம்பெனி ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் வெள்ளை ஷூ போட்டிருந்தாள், கழற்றவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு அன்பாக, “அக்கா, அந்தக் குழாய் எது?” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. சமையலறைக் குழாயைக் காட்டினேன். “இது இல்லக்கா, நீங்க திறந்து வச்சுட்டு அழுவீங்களே, அது.” அவள் கையில் உன் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பாதிக்கு மேல் மஞ்சள் கோடு. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு கேமரா, கதவுக்கு மேலே ஒரு மைக். தண்ணீர் சத்தத்தைத் தாண்டி அழுகை கேட்கிறதா என்று சோதிக்க என்னையே உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். “சும்மா கொஞ்சம் விசும்புங்கக்கா.” விசும்பினேன். “சூப்பர், கேக்குது.”

உன் அண்ணன் பக்கத்தை வாங்கிப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். படித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்து, “உனக்குள்ள இவ்ளோ இருக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா வருஷத் தொடக்கத்துலயே எடுத்திருக்கலாமே” என்றார். அவர் என்னை அடித்திருந்தால்கூட நான் எங்காவது போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இதை யாரிடம் சொல்வது?

‘போரடிக்குது, எல்லாரும் எடுத்த சரக்கு’ என்று எழுதியிருந்தால் அந்தக் காகிதம் குப்பைக்குப் போயிருக்கும். உன்னிடம் காரணம் கேட்டது யார்? முழு மார்க் வாங்காமல் உன்னால் ஒரு வேலைகூடச் செய்ய முடியாதா?

கையெழுத்தாகிவிட்டது. முதல் காட்சியே சில்லு. மீன் தொட்டியில் புது மீன் விட்டிருக்கிறார்கள். வயதான மீனாகப் பார்த்து வாங்கினார்களாம்.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

என்ன எழுதினாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வாராந்தரக் கூட்டத்தில் மேடம் என் பக்கத்தை உரக்கப் படித்தார். முடித்ததும், “பதினாறு பேர்ல இவ ஒருத்திதான் கதை கண்டுபிடிச்சிருக்கா. விடுன்னு வேற எழுதியிருக்கா பாரு, அப்பாவி!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குப் பொய் சட்டென்று வராது, அண்ணி. அண்ணன் சேனல் என்று சொல்லிவிட்டேன். “அடிப்பாவி, நீயே குடும்பமா? ஏன் இத்தனை நாள் மூலையில உக்காந்திருந்த?”

இப்போது எனக்கு வெளி அறையில் ஜன்னல் ஓரத்து இருக்கை கொடுத்திருக்கிறார்கள். மதியம் எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுவேன், அன்று ஐந்து பேர் தட்டோடு வந்து என் மேஜையில் உட்கார்ந்தார்கள். கைதட்டியபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் மறைத்தால் நான் இன்னும் கேவலமானவள் ஆகிவிடுவேன்.

நான் செய்ததைச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். எதுவானாலும்.

படிப்ஸ்


ஏப்ரல் 20

படிப்ஸ்,

எதுவானாலும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். கடிதம் பக்கத்தில் இருக்கிறது, மாற்றிப் பேசாதே.

வெள்ளை ஷூக்காரியை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்த் தனியாகப் பேசினேன். சில்லுவை விட்டுவிடச் சொன்னேன். அவள் யோசித்து, “குழந்தை அழுறது எல்லாச் சேனல்லயும் இருக்குக்கா. அதுக்கு மேல ஏதாவது குடுங்க, பேசலாம்” என்றாள். அதற்கு மேல் என்னிடம் என்ன இருக்கிறது? நீதான் இருந்தாய். படித்த நாத்தனார், அண்ணன் போட்ட சோற்றில் படித்துவிட்டு, அண்ணி நம்பி எழுதியதை ஆபீசில் கொண்டுபோய் வைத்துக் கைதட்டு வாங்கினாள். நான் சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. “நாத்தனார் வருவாங்களா?” என்றாள். வருவாள் என்றேன்.

உன் கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்டுவிட்டு அந்தக் குழாயை எழுதவில்லை.

பேச்சு இதுதான். நீ ஆறு வாரம் இந்த வீட்டில் வந்து இருக்க வேண்டும். நீ வந்தால் சில்லு தொடரில் இல்லை, அந்த ஆறு வாரமும் கீழே லாண்டரி அக்கா வீட்டில் இருப்பாள், முகம்கூட வராது. நீ வராவிட்டால் சில்லு. ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் உன்னைப் பற்றி ‘எதிர்மறைப் பாத்திரம்’ என்று போட்டிருக்கிறது. வில்லி என்று அர்த்தமாம். உனக்கு நான் அர்த்தம் சொல்கிறேன் பார்.

அண்ணி


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. கல்லூரிக் குழுப் படத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டபோது காட்டினேனே, அதில் தெரிவது என் நெற்றி மட்டும்தான். உயரமான பெண்ணாகப் பார்த்து அவள் பின்னால் நின்றேன். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போகிறவள் நான். இனி நாற்பது லட்சம் பேர் என்னைப் பார்க்கப் போகிறார்கள். வேலையும் என்ன ஆகும் என்று தெரியாது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வேறு இடத்தில் வேலைக்குப் போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஹாஸ்டலில் வைத்துக்கொள்வார்களா?

மேடத்திடம் இன்னொரு பக்கம் எழுதிக் கொடுத்துப் பார்க்கட்டுமா? குழந்தைகளை வைத்து எடுப்பதற்கு விதிமுறை ஏதாவது இருக்கும், அதைத் தேடி எடுக்கிறேன். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

உங்கள்,
படிப்ஸ்


ஏப்ரல் 29

படிப்ஸ்,

ஒரு பக்கம் முழுக்க நீயே இருக்கிறாய். சில்லு எங்கே என்று தேடினேன்.

நேற்று அவளுக்குப் பல் விழுந்தது. என்னிடம் வரவில்லை, அப்பாவிடமும் போகவில்லை. நேராக வரவேற்பறைக் கேமராவுக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்து காட்டினாள்.

அண்ணி


மே 2

அண்ணி,

எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி காலை வருகிறேன். சில்லுவை அதற்கு முன்பே கீழே அனுப்பிவிடுங்கள்.

படிப்ஸ்


ஜூலை 19

அண்ணிக்கு,

வீட்டில் இருந்த ஆறு வாரமும் கேமரா ஓடாத நேரத்தில் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதனால் இதையும் எழுத்திலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

தொடரில் நீங்கள் என்னைக் கன்னத்தில் அறையும் காட்சி. முதல் இரண்டு தடவையும் என் கன்னத்தில் வெறும் காற்றுதான் பட்டது. அண்ணன்கூட, “கொஞ்சம் லேட்டா தலையைத் திருப்பும்மா, இப்ப அண்ணி அடிக்கறதுக்கு முன்னாடியே நீ அடி வாங்கிடுற” என்று தமாஷ் செய்தார். மூன்றாவது தடவை அறைந்ததில் காது இரண்டு நாள் அடைத்திருந்தது. அதுதான் உண்மையான அறை என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை. தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொடர் வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. அந்த அறையை மட்டும் ஒன்பது நொடிக்கு வெட்டி, பாட்டுப் போட்டு, எல்லோரும் அனுப்பிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “படிச்ச திமிரு. சோறு போட்ட வீட்டையே வித்துட்டியேடி” என்றார். வயதானவர், கையில் மருந்துப் பை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, தொடரில் பார்த்த அந்தப் பெண்ணை எனக்கும் பிடிக்கவில்லை. வார்டன் இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மற்ற பெண்களின் அம்மாக்கள் போன் செய்கிறார்களாம். ஆபீசில் என்னை மறுபடி உள் அறைக்கு மாற்றிவிட்டார்கள், எதிர்க் கட்டடத்திலிருந்து ஜன்னல் வழியாக யாரோ படம் எடுத்தார்கள் என்பதால்.

சில்லு எப்படி இருக்கிறாள்? அவள் கீழே இருந்தபோது நான் பார்க்கப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் போகவில்லை. அவள் வெளியே இருக்கிறாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள், போதும்.

படிப்ஸ்


ஆகஸ்ட் 1

படிப்ஸ்,

மூன்றாவது உண்மைதான். என் கையும் வலித்தது.

சில்லுவைப் பற்றி நான்கு வரி கேட்டாய். கொஞ்சம் அதிகமாகும்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தினமும் கீழே போய், லாண்டரி அக்காவின் போனில் அவள் எல்லாப் பகுதியும் பார்த்துவிட்டாள். இஸ்திரி மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, நீ அழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம். “அத்தை மூக்கைத் துடைக்கிறாங்க, துடைக்கவே கூடாது, அதான் அழகா வரும்” என்று அக்காவுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். பார்த்து முடித்து மேலே வந்ததும் என்னைக் கேட்டது ஒன்றுதான். “என்னை ஏன் தூக்கிட்டாங்க? நான் நல்லா அழலயா?”

அம்மாதான் உன்னை வெளியே எடுத்தேன், உன் நல்லதுக்கு என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நானாகப் போய்க் கட்டிக்கொண்டபோது விறைத்து நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவளைச் சுற்றி உட்காரும் கூட்டம் இடம் மாறிவிட்டது. வேறொரு பெண்ணின் அம்மா சேனல் ஆரம்பித்திருக்கிறாளாம். “நீ பழசு” என்று இவளிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்க்கிறாள். மூக்கைத் துடைப்பதில்லை.

நேற்று வெள்ளை ஷூக்காரி அடுத்த பாகம் பேச வந்தாள். எங்கள் பேச்சு ஆறு வாரத்துக்குத்தான் என்று எனக்கும் தெரியும். சில்லு கூப்பிடாமலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஆன்ட்டி, நான் திரும்ப வரேன். ஆனா அத்தையும் வரணும். அவங்களைத் திட்டறதுக்குத்தான் எல்லாரும் வருவாங்க. வந்துட்டு என்னைப் பாப்பாங்க.” வெள்ளை ஷூக்காரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். உன் அண்ணன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் குறுக்கே போனேன். “வேணாம்டி, நீ இதுல வரவே கூடாது. அம்மா சொல்றேன்ல?” என்றேன். குரல் உடைந்துவிட்டது. உண்மையாகவே உடைந்தது.

அவள் அப்பா மடியிலிருந்தே என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ வேணா போம்மா. உன் இடம் வந்தா எல்லாரும் வேகமா ஓட்டிட்டுத்தான் பாக்குறாங்க.”

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். உன் அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கிறாள், எட்டு வயது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, படிப்ஸ்.

அண்ணி